பெயின்: ஒரு சூத்திரமும் ஆறு குறிப்புகளும்

துன்பத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் பல. சஃபரிங், ஆகனி, ஆங்விஷ், மிசரி, பெயின் என்று அடுக்கலாம். அவற்றுள் தமிழர் வாயில் அன்றாடம் புழங்குவது பெயின் ஒன்றுதான். 'முட்டி ஒரே பெயினா இருக்கு', 'பெயின் கில்லர் ஒண்ணு குடுங்க', 'பெயின் வந்துடுச்சா, எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் வருது?' என்று மருந்துக்கடையிலும் பிரசவ வார்டிலும் நாள் முழுக்கக் கேட்கிறோம். அலுவலகத்தில் 'ரொம்பப் பெயின் எடுத்துப் பண்ணியிருக்கார்' என்றால் பாராட்டு. 'அவன் பெரிய பெயின்பா' என்றால் அந்த ஆள் தொல்லை.

இப்படிக் கைக்குக் கை மாறும் இந்தச் சொல்லுக்கு மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட வரையறை ஒன்று உண்டு. சர்வதேச வலி ஆய்வுக் கழகம் அதை 1979-ல் வெளியிட்டது, 2020-ல் திருத்தியது. 1973-ல் அந்தக் கழகம் உருவாகக் காரணமானவர் ஜான் பொனிகா. மயக்க மருத்துவர். இளமையில் பிழைப்புக்காக மல்யுத்தம் ஆடி, அதில் பட்ட அடிகளின் வலியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர். முதல் வரையறையை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் ஹரால்ட் மெர்ஸ்கி என்ற மனநல மருத்துவர். திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சீனிவாச ராஜா.

வரையறை ஒரே வாக்கியம். பின்னால் ஆறு குறிப்புகள். கடைசியில் சொற்பிறப்பு பற்றி ஒரு வரி. நம் இலக்கண நூல்களின் சூத்திரம் போலச் சுருங்கிய வடிவம் என்பதால் உரை இல்லாமல் அதன் உள்ளே போக முடியாது. வாக்கியத்தின் கருத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: உடலின் திசுக்களுக்கு நேர்ந்துவிட்ட அல்லது நேரக்கூடிய சேதத்தோடு தொடர்புள்ளதாகவோ, அப்படித் தொடர்புள்ளதைப் போன்றதாகவோ அமைகிற, புலனும் உணர்ச்சியும் சேர்ந்த, விரும்பத்தகாத அனுபவம் வலி.

'விரும்பத்தகாத'

மிளகாயில் உள்ள கேப்சைசின் நாக்கில் பட்டதும், கொதிநீர் பட்டால் எந்த ஏற்பி தூண்டப்படுமோ அதே ஏற்பிதான் தூண்டப்படுகிறது. இதை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பின் கணக்கில் காரமும் சூடும் ஒன்று. ஆனாலும் கண்ணில் நீர் வழிய இன்னொரு கரண்டி குழம்பு கேட்பவரை வலியில் இருப்பவர் என்று யாரும் சொல்வதில்லை. ஏற்பியின் வேலையை வைத்து வலி தீர்மானமாவதில்லை. அது வேண்டாம் என்று அந்த ஆள் சுருங்குவதை வைத்துத் தீர்மானமாகிறது. அதனால்தான் ஆங்கில மூலத்தின் அடைமொழிகளில் இது முதலில் நிற்கிறது.

'புலனும் உணர்ச்சியும் சேர்ந்த'

இரண்டில் ஒன்று என்று சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தது என்கிறது. மெர்ஸ்கி குழு 1979-லேயே செய்த துணிச்சலான காரியம் இது. உடல் வலி உண்மை, மன வலி கற்பனை என்று பிரித்துப் பேசும் வழக்கத்தை ஓர் உம்மையால் முடித்து வைத்தார்கள்.

இதற்குத் தரவு ஏற்கெனவே இருந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக், வலிக்காரர்கள் தம் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி 1975-ல் ஒரு வினாப்பட்டியல் தந்தார். துடிப்பது, குத்துவது, எரிவது போன்ற சொற்கள் ஒரு பக்கம். களைக்க வைப்பது, அச்சுறுத்துவது, வதைப்பது போன்ற சொற்கள் இன்னொரு பக்கம். வலியைச் சொல்லும் மனிதர் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல் எடுத்தார்.

தமிழில் அந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தால் கை ஓயாது. பல்லில் விண்விண்ணென்று தெறிக்கும். காதில் குடையும். மூட்டில் உளையும். இடுப்பில் சுருக்கென்று பிடிக்கும். கண் கரிக்கும், உறுத்தும். வயிறு பிசையும், முறுக்கும், சுருட்டிப் பிடிக்கும். புண் காந்தும். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தாற்போல் அழுத்தும். பாதம் திகுதிகுவென்று எரியும். ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு துப்பு. பாத எரிச்சல் என்றால் சர்க்கரை நோயால் நரம்பு கெட்டிருக்குமோ என்று பார்ப்பார். நெஞ்சு அழுத்துகிறது என்றால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். 'பெயின்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் இந்தத் துப்புகள் போய்விடுகின்றன. மருத்துவமனைக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பெயின் என்று சொல்லி நிறுத்தாதீர்கள், வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

தமிழின் பழைய சொல் நோதல். காலும் நோகும், மனசும் நோகும். மெர்ஸ்கியின் உம்மை அந்தச் சொல்லுக்குள் முன்பே இருக்கிறது.

'நேர்ந்துவிட்ட அல்லது நேரக்கூடிய சேதம்'

நேர்ந்தது விளங்கும். நேரக்கூடியது என்றதற்கு, இன்னும் தோல் வேகாத நிலையிலேயே சூடான பாத்திரத்திலிருந்து கையை இழுத்துக்கொள்வது எடுத்துக்காட்டு. வலி முன்கூட்டியே வருகிறது. இவ்வளவு போதும், நின்று பார்க்க வேண்டியது அடுத்த சொல்.

'போன்றதாகவோ'

41 ஆண்டுக்குப் பின் வரையறையில் நடந்த முதன்மையான மாற்றம் இது. 1979-ன் வாக்கியம், சேதத்தோடு தொடர்புள்ள அனுபவம் அல்லது சேதத்தின் மொழியில் விவரிக்கப்படும் அனுபவம் என்று முடிந்தது. விவரிக்க வாய் வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் பேச்சிழந்த முதியவருக்கும் வாயில்லா உயிருக்கும் அந்த வாக்கியத்தில் இடம் நெருக்கடியாக இருந்தது. அதனால் விவரிப்பு என்பதை எடுத்துவிட்டு, ஒப்புமையைச் சொல்லும் சொல்லை வைத்தார்கள்.

மாற்றம் சிறியதாகத் தெரியலாம். இந்தச் சொல் யார் யாரை உள்ளே கொண்டுவருகிறது என்று பார்த்தால் அதன் அகலம் புரியும். கை வெட்டுப்பட்டுப் போனபின்னும் அந்த இல்லாத கையின் விரல்கள் மடங்கி உள்ளங்கையில் நகம் பதிவதாகத் துடிப்பவர்கள் உண்டு. சேதப்பட அங்கே திசுவே இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இவர்கள் முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். இருக்கும் கையை விரித்ததும் இல்லாத கையின் முட்டி விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள், வலியும் தணிந்தது. இல்லாத கையின் வலி பொய்யாக இருந்தால் கண்ணாடிக்கு அங்கே என்ன வேலை?

இன்னொரு நிகழ்ச்சி 1995-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவானது. கட்டட வேலை செய்யும் 29 வயது இளைஞர் ஒருவர் 15 சென்டிமீட்டர் ஆணிமேல் குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டு நின்றது. ஆணியை அசைத்தாலே வலி தாங்காமல் துடித்தவருக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுத்துத்தான் பூட்ஸைக் கழற்ற முடிந்தது. கழற்றிப் பார்த்தால் ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் கீறல்கூட இல்லை. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பட்டது வலிதான், நடித்தது அல்ல. ஆபத்து என்று மூளை கணித்தது, கணித்தபடி வலித்தது.

நம் ஊர்களில் இந்தச் சொல் யாருக்குத் தேவைப்படுகிறது என்று கேட்டால், 'ஸ்கேன்ல ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நார்மல்' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் பெண்களுக்கு என்பேன். உடம்பு முழுக்க அடித்துப்போட்டாற்போல வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வரும். படத்தில் சேதம் தெரியாவிட்டாலும் அது வலிதான் என்று உலகின் வலி மருத்துவர்கள் கூடி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் இதை யாராவது சொல்ல வேண்டும்.

இனி குறிப்புகள்.

முதற் குறிப்பு: வலி எப்போதும் தனி ஒருவரின் அனுபவம், உடலும் மனமும் சமூகமும் வெவ்வேறு அளவில் அதைப் பாதிக்கும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது இதன் முதல் பாதி. மறுபாதி சமூகம். முதுகுவலிக்கு ஓய்வு எடுக்க முடிகிறவரும், ஓய்வெடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்று நாற்று நடக் குனிகிறவரும் ஒரே வலியை அனுபவிப்பதில்லை. மருத்துவமனைகளில் 'பத்துக்கு எவ்வளவு?' என்று வலிக்கு மதிப்பெண் கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. கேட்கப்படும் பாட்டி எண் சொல்வதில்லை. 'கொடத்தத் தூக்கி இடுப்புல வைக்க முடியல சாமி' என்கிறாள். அந்தப் பதிலில் உடல் இருக்கிறது, வேலை இருக்கிறது, தண்ணீர் எடுத்துத் தர வீட்டில் வேறு ஆள் இல்லை என்பதும் இருக்கிறது. எட்டு என்றோ ஒன்பது என்றோ சொல்லியிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

இரண்டாம் குறிப்பு: வலி வேறு, நோசிசெப்ஷன் வேறு

சேதச் செய்தியை நரம்புகள் உணர்ந்து கடத்துவது நோசிசெப்ஷன். நரம்பு செய்தி அனுப்புவதாலேயே வலித்தது என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது குறிப்பு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்ஸியோ முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் ஒன்றைக் கவனித்தார். பெருங்காயம் பட்டு வந்த வீரர்களில் நான்கில் மூன்று பங்கினர் வலி மருந்து வேண்டாம் என்றார்கள். ஊரில் அதைவிடச் சிறிய அறுவைக்கு ஆளானவர்கள் மருந்து கேட்டுத் தவித்தார்கள். போர்முனையில் காயம் என்பது உயிரோடு வீடு திரும்பக் கிடைத்த அனுமதி. 1965-ல் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும், தண்டுவடத்தில் வலிச் செய்தியை விடவும் தடுக்கவும் வல்ல கதவு போன்ற அமைப்பு உண்டு, மூளை மேலிருந்து அதை இயக்கும் என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துவிட்டால் இதமாக இருப்பதற்கும் அந்தக் கோட்பாட்டில் விளக்கம் உண்டு.

மூன்றாம் குறிப்பு: வாழ்ந்துதான் வலி என்னும் கருத்தைக் கற்கிறோம்

விழுந்த குழந்தை முதலில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது, பிறகுதான் அழுகிறது. அம்மா தரையை ஓர் அடி அடித்து 'தரையை அடிச்சாச்சு, அழாதே' என்கிறாள். பாடம் அங்கே தொடங்கிவிடுகிறது.

நான்காம் குறிப்பு: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும்

ஆறு குறிப்புகளிலும் இதுவே உயிர் என்பது என் எண்ணம். மற்றவை அறிவியல் கூற்றுகள். இது ஒன்றுதான் கேட்பவருக்குக் கடமை சொல்கிறது. இதை நான்காவது இடத்தில் வைத்தது எனக்கு உடன்பாடில்லை. 'மதிக்க வேண்டும்' என்ற சொல்லும் போதாது. மார்கோ மக்கஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர் 1968-லேயே, வலிப்பவர் எதை வலி என்று சொல்கிறாரோ அதுவே வலி, எப்போது இருக்கிறது என்கிறாரோ அப்போது இருக்கிறது என்ற கருத்தை எழுதிவிட்டார். படுக்கையருகே இரவு முழுக்க நின்றவர் என்பதால் அவர் தயங்கவில்லை.

நம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் சோகை ஓர் எடுத்துக்காட்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்நோயின் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-ல் பதிவு செய்தார்கள். வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது எலும்புக்குள் வலி பெருகும். பார்க்கப் போனால் வெளியே காயம் இருக்காது, வீக்கம் சில வேளை இருக்காது, காய்ச்சலும் இல்லாமல் இருக்கலாம். வந்தவர் சொல்லும் சொல் ஒன்றுதான் சான்று. அந்தச் சொல்லைப் பேசுபவர் ஏழை, பழங்குடி, நகரத்துத் தமிழ் பேசாதவர் என்றால் அதன் எடையைக் குறைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது, ஆய்வில் பங்கேற்ற வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் உண்மை என்று எண்ணியிருந்தார்கள். அப்படி எண்ணியவர்கள் வலிக்குப் பரிந்துரைத்த சிகிச்சையும் பிழைபட்டது.

பிரசவ வார்டில் கத்துகிற பெண்ணை 'உனக்கு மட்டுமா புள்ள பொறக்குது?' என்று அதட்டும் குரல் நமக்குத் தெரிந்ததுதான். நான்காம் குறிப்பை அச்சிட்டு ஒட்ட ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் அந்த வார்டின் கதவைத்தான் சொல்வேன்.

ஐந்தாம் குறிப்பு: வலி பெரும்பாலும் காப்பாக இருக்கிறது, ஆனால் அதுவே வாழ்வைக் கெடுக்கவும் செய்யும்

வலியின் காப்பை வேலூரைவிடத் தெளிவாகக் காட்டிய ஊர் குறைவு. 1914-ல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளோடு இருந்து கவனித்தார். பூட்டில் மாட்டிய சாவி திரும்பாவிட்டால் நாம் வலிக்கும்வரை அழுத்தி நிறுத்துவோம்; அவர்கள் சதை கிழியும்வரை அழுத்தினார்கள். அடுப்பில் விழுந்ததை வெறுங்கையால் எடுத்தார்கள். உள்ளங்காலில் ஆணி ஏறியபடியே நடந்தார்கள். விரலைத் தின்றது கிருமி என்பதைவிட, வலி அறிவு அற்றுப்போனதே. இதைக் கண்டபின் பாதுகாப்பான செருப்பும் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவையும் சிகிச்சையில் முன்னுக்கு வந்தன. நூற்றாண்டுகளாகச் சாபம் என்று ஒதுக்கப்பட்ட கைகள் மறுபடி சோறு பிசைந்தன.

பிறகு அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் மருத்துவமனையில் பிராண்ட் குழு செயற்கை வலியை உருவாக்கப் பார்த்தது. கையுறையில் அழுத்த உணரிகள். அழுத்தம் மிகுந்தால் உடலின் உணர்வுள்ள பகுதியில் மின் அதிர்ச்சி. அது தோற்றது. வேலை முடிய வேண்டும் என்றால் மனிதர்கள் கருவியை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அணைக்க முடியாததாக இருப்பதே வலியின் பயன் என்று பிராண்ட் உணர்ந்தது அப்போதுதான்.

பிறவியிலேயே வலி அறியாதவர்கள் சிலர் உண்டு. 2006-ல் வட பாகிஸ்தானின் மூன்று உறவுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், எஸ்.சி.என்.9.ஏ. என்ற மரபணுப் பழுதுதான் காரணம் என்று கண்டார்கள். அந்தத் தேடலுக்குத் தூண்டுதலாக இருந்த சிறுவன் கையில் கத்தி பாய்ச்சியும் தீக்கங்கில் நடந்தும் தெருவில் வித்தை காட்டியவன். கூரையிலிருந்து குதித்து, பதினான்கு வயது நிறையும் முன்பே இறந்துபோனான்.

குறிப்பின் இரண்டாம் பாதிக்கு இவ்வளவு கதை வேண்டாம். காயம் ஆறியபின்னும் மாதக்கணக்கில் அடங்காத வலி எதையும் காப்பதில்லை. தூக்கத்தைத் தின்கிறது, வேலையைத் தின்கிறது, பேச்சைக் குறைக்கிறது. அதையும் 'நல்லதுக்குத்தான்' என்று சொல்லித் தாங்கச் சொல்வது கொடுமை.

ஆறாம் குறிப்பு: வாயால் சொல்வது வலியை வெளிப்படுத்தும் வழிகளில் ஒன்றே, சொல்ல முடியாததால் வலி இல்லை என்றாகாது

1980-கள் வரை பச்சிளம் குழந்தைகளுக்கு அறுவை செய்யும்போது, தசையைத் தளர்த்தும் மருந்தும் மிகக் குறைந்த மயக்கமும் மட்டும் கொடுப்பது பல மருத்துவமனைகளில் நடைமுறையாக இருந்தது. அவற்றின் நரம்புகள் முதிரவில்லை, வலி தெரியாது என்பது காரணம். இந்தியாவில் பிறந்த கே. ஜே. எஸ். ஆனந்த், ஆக்ஸ்ஃபோர்டில் குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தார். ஃபென்டனில் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியைக் குறைவாகவே சந்தித்தது. கொடுக்கப்படாதவற்றின் ரத்தத்தில் நெருக்கடி ஹார்மோன்கள் ஏறின, பின்விளைவுகளும் மிகுந்தன. 1987-ல் வெளியான அந்த ஆய்வுகளுக்குப் பிறகே நடைமுறை மாறத் தொடங்கியது. காலை வயிற்றோடு மடக்கி வீறிடும் பிள்ளைக்கு வயிற்று வலி என்று தாய்மார்கள் அறிந்திருந்ததை மருத்துவம் ஏற்க இவ்வளவு காலம் ஆயிற்று. மாடு பல்லை நறநறவென்று கடித்து, காலால் வயிற்றை உதைத்துக்கொண்டால் அதற்கு வலி என்று மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். குறிப்பு மனிதரல்லாத உயிர்களையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது.

சொற்பிறப்பு

பெயின் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் பீனாவிலிருந்து வந்தது. அதற்குத் தண்டனை என்று பொருள். லத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. 'இந்தியன் பீனல் கோடு' என்று 1860-ல் இயற்றப்பட்டு நம் நாட்டில் வழங்கிய சட்டத்தின் பெயரில் உள்ள பீனலும் இதே வேரில் கிளைத்தது. அறிவியல் வரையறையின் வாலில் இந்த வரியைக் குழு சேர்த்தது சரியான காரியம். வலியைத் தண்டனையாகப் பார்க்கும் பார்வை இன்னும் போகவில்லை. ஜேம்ஸ் சிம்சன் என்ற மருத்துவர் 1847-ல் எடின்பரோவில் பிரசவ வலிக்கு மயக்க மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, ஏவாளுக்கு இட்ட தண்டனையை மனிதர் நீக்கலாமா என்ற ஆட்சேபத்துக்குப் பதிலாக அதே ஆண்டில் அவர் ஒரு சிறுநூல் எழுத வேண்டியிருந்தது. 1853-ல் விக்டோரியா அரசியே பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்டார். நம் வீடுகளில் 'என்ன பாவம் செஞ்சேனோ' என்று புற்றுநோய்க்காரர் முனகுவதும் அதே பீனாதான். பாவத்தின் கூலி என்று நினைப்பவர் மருந்து கேட்கக் கூசுகிறார்.

இந்தியாவில் வலி, தண்டனை என்ற இந்த இரண்டு பொருளும் ஒரே மருந்தின்மேல் மோதின. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுந்தண்டனைகளுக்கும் உரிமங்களின் சிக்கலுக்கும் அஞ்சி, மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மார்ஃபினை வைத்திருக்கவே தயங்கின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. அதே காலத்தில் அரசின் அனுமதியோடு அபினி விளைவித்து ஏற்றுமதி செய்த நாடும் இதுவே. திருவனந்தபுரத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவர் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பும் மற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடிய பின், 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையாத மருந்துகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பல உரிமங்கள் போய், நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. வாய்வழி மார்ஃபின் இன்று மருத்துவர் எழுதித் தரக்கூடிய, சட்டத்துக்கு உட்பட்ட மருந்து. வீட்டில் புற்றுநோய் வலியால் துடிப்பவர் இருந்தால், வலித்தணிப்புச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம்.